நான் வெட்டிய ஜாஸ்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது. அதற்கப்புறம் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட ஒரே வேலை வெட்டுவது. எண்ணூர் நெடுஞ்சாலை ஓரமாக, திருவொற்றியூரில் இருந்த ஒரு பிளாஸ்டிக் கழிவு குடோனில் கட்டிங் மிஷின் என் பொறுப்பு.

வெளிநாட்டில் விற்காமல் தேங்கிய சிடிக்கள் கழிவு என்ற பெயரில் கன்டெய்னரில் வரும். அவற்றை யாரும் திருப்பி விற்றுவிடக் கூடாது. அதனால் துறைமுகத்து ஆபீசர் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்க, நான் கட்டுக் கட்டாக எடுத்து ஒவ்வொன்றின் ஓரத்திலும் சுண்டுவிரல் நகம் நீளத்துக்கு ஒரு வெட்டு போடுவேன். வெட்டிவிட்டால் அது குப்பை. குப்பையை நான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனால் சூப்பர்வைசருக்கு சந்தோஷம்தான், இடம் காலியாகும். ஆரம்பத்தில் சைக்கிள் பின்னால் பளபளவென்று கட்டிக்கொள்ளத்தான் எடுத்துப் போனேன். என் சைக்கிளைத் தூரத்தில் பார்த்தால் கல்யாண வண்டி மாதிரி இருக்கும். கிட்டே வந்தால் நான் இருப்பேன்.

ஒரு தடவை வந்த கன்டெய்னர் முழுக்க ஜாஸ். அப்படி ஒரு சங்கதி உலகத்தில் இருப்பதை எனக்குச் சொன்னது, பக்கத்து மேசையில் பெட்டி வேறு, காகிதம் வேறு என்று பிரித்துப் போடும் பெண். பத்தாவது பாஸ். இங்கிலீஷை எழுத்துக் கூட்டாமல் படிப்பாள். ஒவ்வொரு பெட்டியின் பின்பக்கத்தையும் பார்த்து வருஷம் சொல்வாள், யார் யார் என்ன வாத்தியம் வாசித்தார்கள் என்று சொல்வாள். நான் அறிவாளி மாதிரித் தலையாட்டுவேன். ஒரு கன்டெய்னர் தீர்வதற்குள் எனக்கு ரெண்டு பைத்தியம் பிடித்தது. ஒன்று ஜாஸ்.

பர்மா பஜாரில் ரேடியோ, கேசட், சிடி மூன்றும் பாடும் ஒரு பழைய த்ரீ-இன்-ஒன் வாங்கினேன். சிடி மூடி நிற்காது. மேலே அரைக்கிலோ எடைக்கல் வைத்தால்தான் பாடும். படிக்கத் தெரியாததால் அட்டைப் படத்தைப் பார்த்து மூன்று குவியலாகப் பிரித்தேன். கோட்டு போட்டவர்கள், கறுப்புக் கண்ணாடி போட்டவர்கள், தாடி வைத்தவர்கள். கேலி பண்ணத்தான் அவள் வருஷங்களைச் சரிபார்த்தாள். கோட்டெல்லாம் ரொம்பப் பழசு, கண்ணாடி நடுவில், தாடி கடைசி. குவியல் ஏறக்குறைய சரியாகவே இருந்தது. அன்றைக்கு அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் செலவழிக்காமல் வைத்திருக்கிறேன்.

கோட்டுக்காரர்கள் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து ஊதுவது போல இருக்கும். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஒருத்தர் பேச்சும் கெடாது. எங்கள் தெருவில் சாவு எடுக்கும்போது கேட்கும் அதே குஷி. கண்ணாடிக்காரர்களில் பாதிப் பேர் ஷேர் ஆட்டோவைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். மீதிப் பேர் பக்கத்துப் போர்ஷனில் குழந்தை தூங்குகிற மாதிரி மெதுவாக ஊதுவார்கள். தாடிக்காரர்கள்தான் பேஜார். முதல் தாடி சிடியைப் போட்டபோது கொடுங்கையூர் குப்பைமேட்டில் காக்காய்கள் சண்டை போடுவது போலக் கேட்டது. அழுக்கு என்று நினைத்து சோப்புப் போட்டுக் கழுவினேன். காக்காய்கள் சுத்தமாகச் சண்டை போட்டன. பல்பொடி போட்டுத் துலக்கினேன். அப்போதும் அதேதான். பத்து நாள் கேட்டபிறகு, பாழாய்ப்போனது பிடித்துவிட்டது.

இன்னொன்றையும் கண்டுபிடித்தேன். கோட்டுக்காரர்கள் பாட்டை ஒழுங்காக முடித்து வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்கள். தாடிக்காரர்களின் சிடியில், கடைசிப் பாட்டு முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் 'டக் டக் டக்' என்று திக்கித் திக்கி நின்றுவிடும். எல்லா தாடிகளும் இப்படியே. காலம் போகப்போக ஜாஸ்காரர்கள் பாட்டை முடிப்பதையே கேவலமாக நினைக்க ஆரம்பித்துவிட்டார்கள், இதுதான் நவீன ஸ்டைல் என்று முடிவு கட்டினேன். டீக்கடையில் நாலு பேருக்கு விளக்கவும் செய்தேன்.

இந்த நேரத்தில்தான் அவள் அண்ணனைப் பார்க்கப் போனேன். ராயபுரத்தில் பேண்டு செட்டு வைத்திருந்தார். பதினோரு பேர், அவர் டிரம்பெட். அப்பா அம்மா இல்லாத வீட்டில் அவர் சொன்னால்தான் கல்யாணம். பாத்திரம் தேய்க்கும் பவுடரைப் போட்டு டிரம்பெட்டைத் துலக்கிக்கொண்டிருந்தவரிடம், தைரியத்தை எல்லாம் திரட்டி "மச்சான்" என்று ஆரம்பித்தேன்.

"யாருக்கு யார்ரா மச்சான்? அண்ணான்னு கூப்டு."

கூப்பிட்டேன். என்னிடம் கேட்க அவருக்கு ஒன்றும் இல்லை. என் படிப்பு, வேலை, மூஞ்சி எல்லாவற்றையும் தங்கை முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தாள். அவருடைய கவலை வேறு. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு செட்டு, கீபோர்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து எல்லா ஆர்டரையும் அள்ளிக்கொண்டிருந்தது. ஆடி மாசத்து அம்மன் ஊர்வலம் மட்டும்தான் இவர் கையில் மிச்சம்.

"நீ இன்னாவோ வெளிநாட்டு மீஜிக் கேக்கறியாமே. எங்க செட்டு பத்து வருசமா அதே நாலு பாட்டத்தான் ஊதிகினு கீது. புச்சா ஒண்ணு கொண்டா. ஊர்வலத்துல ஜனம் ஆட்னா, தங்கச்சி மேட்டர பேசலாம். ஆடல, இந்தத் தெரு பக்கமே நீ வரக் கூடாது."

கேசட்டில் பதிந்து ஒவ்வொன்றாகக் கொண்டுபோனேன். கோட்டைக் கேட்டுவிட்டு, இதை எங்க தாத்தா ஊதினாரே, என்றார். ஓடுகிற கண்ணாடியைக் கேட்டுவிட்டு, இதற்கு நடந்தால் பசங்க கால் சிக்கி விழுவான்கள் என்றார். காக்காய்ச் சண்டையைப் பாதியில் நிறுத்திவிட்டு, எனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். கடைசியில், தாடிக் குவியலில் எனக்கே ரொம்பப் பிடித்த ஒன்றைப் போட்டேன். டிரம்பெட் ஒன்று நிதானமாக நடக்க ஆரம்பித்து, போகப்போகக் குத்தாட்டம் போடும் பாட்டு. அவர் துணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். முடிவில் டக் டக் டக்.

"இது இன்னாடா கடைசில, விக்கல் வந்தா மாரி?"

"அதான்ணா ஸ்டைலு. புதுசா வாசிக்கறவங்க எல்லாரும் இப்டித்தான் முடிப்பாங்க."

அவர் என்னை ஒரு முறை, டிரம்பெட்டை ஒரு முறை பார்த்தார். நம்பிவிட்டார். மூன்று வாரம், பதினோரு பேருக்கும் அந்த விக்கலை அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்தார்.

ஊர்வலத்தன்று மத்தியானம், மிஷினில் ஒரு கட்டு வைத்திருந்தேன். அவள் வந்து கையைப் பிடித்து நிறுத்தினாள். ஒரு கோட்டு சிடியைத் திருப்பி வெயிலில் சாய்த்துக் காட்டினாள். நடுவிலிருந்து பாதி தூரம் வரை ஒரு நிறம், ஓரத்தில் வேறு நிறம். சிடி நடுவில் ஆரம்பித்து ஓரத்தில் முடியுமாம்; இதில் பாட்டு இருக்கிற இடம் உள்ளே, வெட்டு வெளியே. அப்புறம் ஒரு தாடி சிடி. அதில் ஓரம் வரை ஒரே நிறம். வெட்டு பாட்டுக்குள்ளேயே இறங்கியிருந்தது.

"இந்த வெட்டு யார்து?" என்று கேட்டாள்.

"என்து."

"அப்போ அந்த விக்கலு யார்து?"

எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிடிபட்டதும் மிஷினை அணைத்தேன். பழைய ஆட்கள் குறைவாக வாசித்தார்கள், அதனால் என் பிளேடுக்குத் தப்பினார்கள். பின்னால் வந்தவர்கள் சிடி நிறைய வாசித்து மாட்டிக்கொண்டார்கள். நவீன ஜாஸின் ஸ்டைலை உண்டாக்கியது நான். திருவொற்றியூரில், ஷிஃப்டுக்கு எண்ணூறு சிடி என்ற கணக்கில்.

"போய் சொல்லிட்றியா, நான் சொல்லட்டா?" என்றாள். அவள் சொன்னால் நான் கோழை, நான் சொன்னால் முட்டாள். முட்டாள் பட்டம் ஏற்கெனவே கையில் இருந்ததால் நானே கிளம்பினேன்.

காசிமேட்டில் டிராக்டர் மேல் அம்மன் ஏறியாகிவிட்டது. முதல் தடவை கிட்டே போனபோது அவர் டியூன் சரிபார்த்துக்கொண்டிருந்தார், திரும்பிவிட்டேன். ரெண்டாவது தடவை பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். மூன்றாவது தடவை டிரம்பெட் வாய்க்குப் போகிற நேரத்தில் காதருகே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பாட்டு அப்படி முடியாது, நான்தான் வெட்டினேன், ஸ்டைல் கீல் ஒன்றும் கிடையாது.

அவர் முகம் மாறவே இல்லை. "இப்ப வந்து சொல்ற" என்றார். பின்னால் பத்து பேர் மூச்சு இழுத்தாகிவிட்டது. முன்னால் ஜனம். வேறு வழியில்லாமல் ஊதினார்.

பாட்டு நடந்தது, ஆடியது. ரெண்டு மூன்று பேர் தோள் குலுக்கினார்கள். நான் ஒரு தண்ணி லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். கடைசியில் பதினோரு பேரும் ஒரே ஆளாக விக்கினார்கள். டக். டக். டக். நின்றது. என்ஜின்தான் போய்விட்டது என்று டிராக்டர் டிரைவர் சாவியைத் திருகி அணைத்துவிட்டு இறங்கி வந்தார். தெருவே கப்சிப். என் கல்யாணம் அந்த அமைதியில் செத்துக் கிடந்தது.

அப்போது ஐஸ் கம்பெனி லோடுமேன் ஒருத்தர் அந்த மூன்று டக்கையும் காலால் தரையில் திருப்பி அடித்தார். பக்கத்தில் இருந்தவர் அடித்தார். அப்புறம் தெருவே அடித்தது. விசில். மறுபடி ஊதச் சொன்னார்கள். ஏழு தடவை ஊதினார்கள். ஒவ்வொரு தடவையும் அந்த விக்கலுக்காகவே ஜனம் காத்திருந்து குதித்தது. பாட்டை ஒருத்தரும் கேட்கவில்லை.

ஊர்வலம் முடிந்ததும் அண்ணன் என்னைத் தேடி லாரிக்குப் பின்னால் வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. டிரம்பெட்டிலிருந்து எச்சிலை உதறினார், கொஞ்சம் என் மேலும் தெறித்தது.

"இந்த வெட்ன மேட்டரு ஒனக்கு, எனக்கு, தங்கச்சிக்கு. நாலாவது ஆளுக்குத் தெரிஞ்சுது, இத்த உன் வாயில சொருவிடுவேன்."

"சரிண்ணா."

"வர்ற ஞாயித்துக்கெழம உங்கம்மாவ இட்டுகினு வா. அப்பால, அண்ணா நொண்ணான்னு கூப்டாத."

ஞாயிற்றுக்கிழமை போனேன். அவள் காபி கொண்டுவந்து, எங்கம்மா முன்னாலேயே, டம்ளரை என் முன் டக் டக் டக் என்று மூன்று தடவை தட்டி வைத்தாள். எனக்கு வாயில் ஊற்றிய காபி மூக்கில் வந்தது. என்னம்மா சிரிப்பு என்று எங்கம்மா கேட்டாள். மச்சான் முறைத்த முறைப்பில் நாங்கள் ரெண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டோம்.