கண்ணை மூடிப் பார்த்த ரிவால்வர்

கண்ணை இறுக மூடிக்கொண்டு, ரிவால்வரைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து, அதன் சுத்தியலைக் கட்டைவிரலால் மெல்லப் பின்னுக்கு இழுப்பார் ஆர்லன் பிக்ஸ்பி. டிக், டிக், டிக், டிக். நான்கு சத்தம் கேட்டால் உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். "நாலும் பேசுது. அசல்" என்பார். பழைய மாதிரியைப் பார்த்து இன்று செய்ததாக இருந்து, ஒன்றிரண்டோடு நின்றுவிட்டால் முகம் சுளிப்பார். "மறுபதிப்பு. தாத்தா சட்டையப் போட்டுக்கிட்டு வந்த பேரன்." சுற்றி நிற்பவர்கள் கை தட்டுவார்கள். அடுத்த மேசையில் தோல் உறை விற்கும் நானும் தட்டியிருக்கிறேன்.

இடம், ஓக்லஹோமாவில் எங்கள் கவுண்டியின் மாட்டுச் சந்தைக் கொட்டகை. வருடத்துக்கு இரண்டு முறை கன்றுகளை வெளியேற்றி, தரையைக் கழுவி, மேசைகளைப் போட்டால் அதுவே துப்பாக்கிக் கண்காட்சி. எவ்வளவு கழுவினாலும் சாணி வாசனை போகாது. ஆர்லனுக்கு அது பொருட்டில்லை. முப்பது வருடம் பள்ளிப் பேருந்துகளுக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவர். வயது எழுபத்திரண்டு. சட்டைக்கு மேல் தோளில் மாட்டிய சிவப்பு வார்ப்பட்டை, பக்கத்தில் ஒரு ஜாடி நிறைய ஊறுகாய் வெள்ளரி. பேனாக்கத்தியால் குத்தி எடுத்துச் சாப்பிடுவார். சாப்பிட்டதும் கையை மூன்று முறை துடைப்பார். வியர்வைக் கையோடு யாராவது அவருடைய துப்பாக்கியைத் தொட்டுவிட்டால் அன்றைக்கு அந்த ஆள் தொலைந்தான்.

வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் நீளமாக வளர்த்திருந்தார். துப்பாக்கியின் விளிம்புகளைத் தடவிப் பார்க்க அந்த நகம். நூறு வருடத்துக்கு முன்னால் ஒவ்வொன்றையும் ஓர் ஆள் கையில் பிடித்துத் தேய்த்தான், அதனால் விளிம்பு கூராக நிற்கும், பொறித்த எழுத்து நறுக்கென்று இருக்கும் என்பார். இன்றைய மறுபதிப்புகளில் இயந்திரம் தேய்த்துத் தேய்த்து விளிம்பெல்லாம் சோப்புக்கட்டி போல மழுங்கியிருக்குமாம். பழைய நீலம் நெருப்பில் வெந்து வந்த நீலம், புதியது மருந்துத் தொட்டியில் முக்கி எடுத்த கறுப்பு. கைப்பிடி மரமும் இரும்போடு பொருந்தாமல் ஒரு மயிரிழை துருத்திக்கொண்டு நிற்கும். இத்தனையும் சொல்லுகிறவர், மீன் பிடிக்கப் போகும்போது பாம்புக்காக இடுப்பில் சொருகிக்கொள்வது மறுபதிப்பைத்தான். நான் கேட்டால், "அது இரும்பு நல்ல இரும்புடா, டாய்ல். குறியும் தப்பாது. ஆனா வெளிய சொல்லித் தொலைக்காத" என்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் விளையாடியதில்லை. அசல் ரிவால்வரின் சுத்தியலில் பறவை அலகு போல ஒரு கூரிய மூக்கு இருக்கும். அது தோட்டாவின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும். கீழே விழுந்து சுத்தியலில் அடிபட்டால் வெடித்துவிடும். ஆகவே பழையதில் ஆறு அறை இருந்தாலும் ஐந்துதான் நிரப்ப வேண்டும், மூக்குக்கு நேரே உள்ள அறை காலியாக இருக்க வேண்டும். இங்கே பிறந்த எவருக்கும் இது நடக்கக் கற்றுக்கொள்ளும்போதே தெரியும். ஆர்லன் வைத்து விற்கும் மறுபதிப்புகளுக்கு மூக்கு கிடையாது. சுத்தியலின் முகம் தட்டையாக இருக்கும், உள்ளே ஒரு தடுப்பு உண்டு. ஆறும் நிரப்பலாம்.

மூன்று வருடத்துக்கு முன் நெல்டா க்ரவுஸ் தன் அப்பாவின் ரிவால்வரை ஒரு பாத்திரம் துடைக்கும் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். மாடு வளர்க்கும் அம்மா. கன்று போடும் பருவத்தில் நரிக்குப் பயந்து இடுப்பில் கட்டிக்கொள்ள உறை ஒன்று வேண்டும் என்று முதலில் என்னிடம்தான் வந்தார். கூடவே தம்பி ராண்டல். அவர்களுடைய அப்பா புழுதிப் புயல் அடித்த முப்பதுகளின் வருடங்களில் கிராமத்துத் தடங்களில் அஞ்சல் வண்டி ஓட்டியவர். இந்தத் துப்பாக்கியோடுதான் ஓட்டினேன் என்று சாகும்வரை சொன்னவர். ராண்டல் அதை நம்பியதே இல்லை. ஆர்லனிடம் கேட்டுவிடுவோம் என்று இருவரும் பக்கத்து மேசைக்குப் போனார்கள்.

வாசலில் ஷெரிஃபின் ஆள், உள்ளே வரும் துப்பாக்கிகளைக் காலி செய்து சுத்தியலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பட்டையைக் கோத்து இறுக்கிவிடுவார். அதை அவர்தான் வெட்ட வேண்டும். வெட்டாமல் சுத்தியலை இழுக்க முடியாது, சத்தமும் கேட்காது. அன்று அவர் மறுகோடியில் மதியச் சாப்பாட்டுக்குச் சில்லிக் குழம்பு வாங்கும் வரிசையில் நின்றிருந்தார். நாற்பது பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். ஆர்லனுக்குப் பொறுக்கவில்லை. கண்ணை மூடினார், நகத்தால் விளிம்பை ஒரு சுற்றுத் தடவினார்.

"மழுக்கட்ட. மறுபதிப்பு, மேடம். இது உங்கள விட இளசு. உங்கப்பா நல்லாக் கதை சொல்லியிருக்காரு."

கூட்டம் சிரித்தது. "நான் சொல்லல? அப்பா வாயத் தொறந்தா கதைதான்" என்றான் ராண்டல். நெல்டாவின் கழுத்து சிவந்தது. ஆர்லன் இன்னும் கண்ணைத் திறக்காமலே, ஒரு நல்லது இருக்கிறது, பயமில்லாமல் ஆறும் நிரப்பலாம் என்று சேர்த்துச் சொன்னார்.

என்னுடைய வெட்கம் இங்கே தொடங்குகிறது. நெல்டா உறை அளவுக்காகத் துப்பாக்கியைத் திரும்ப என் மேசையில் வைத்தார். பட்டை இறுக்கியதில் சுத்தியல் சற்றுத் தூக்கி நின்றது. அந்த இடுக்கில் மூக்கு தெரிந்தது. என்றோ யாரோ நிக்கல் முலாம் பூசுவதற்காகத் தேய்த்ததில் விளிம்பு மழுங்கியிருக்க வேண்டும். அதைச் சொல்ல அரை நிமிடம் போதும். ஆர்லன் பக்கத்திலேயே கைதட்டலை வாங்கிக்கொண்டு நிற்கிறார், அத்தனை பேர் முன்னால் அவர் முகத்தில் எப்படிக் கரி பூசுவது என்று வாயை மூடிக்கொண்டேன். நெல்டா கிளம்பும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த அம்மா கிளம்பியபோது இன்னொருவருக்கு இடுப்பளவு எடுத்துக்கொண்டிருந்தேன்.

பதினோரு நாள் கழித்து, மாட்டுத் தடுப்பைத் திறக்க நெல்டா தன் பிக்கப் வண்டியிலிருந்து இறங்கினார். உறையின் வாரைக் கொக்கியில் மாட்டியிருக்கவில்லை. ரிவால்வர் நழுவி, வண்டியின் ஏறுபடித் தகட்டில் சுத்தியல் பட விழுந்தது. ஆறும் நிரப்பியிருந்தார். குண்டு இடது கணுக்காலை உடைத்துக்கொண்டு போயிற்று. விசாரிக்க வந்தவர்களிடம் தன் கவனக்குறைவு என்று மட்டும் சொன்னார். யார் ஆறு நிரப்பச் சொன்னது என்று சொல்லவே இல்லை. ஊரே திட்டியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆர்லன் ஆஸ்பத்திரிக்குப் போனார். நான்தான் வண்டி ஓட்டினேன். வாகன நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். பிறகு, "போலாம்டா" என்றார். திரும்பும் வழியில், ஒரு மூக்கு அவருக்குத் தெரியாமல் போனது எப்படி என்று இரண்டு முறை கேட்டார். கண்ணை மூடியிருந்தீர்களே என்றேன். நான் திறந்திருந்தேன் என்று சொல்லவில்லை.

அதற்கப்புறம் அவர் கண்ணை மூடிப் பார்ப்பதில்லை. நீள நகத்தைச் சதையோடு ஒட்ட வெட்டிவிட்டார். மூக்குக் கண்ணாடி போட்டு, பட்டையை வெட்டும்வரை காத்திருந்து, புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார். கூட்டம் குறைந்துவிட்டது. அசலோ மறுபதிப்போ, எதை எடுத்தாலும் "அஞ்சு போடுங்க" என்கிறார். மறுபதிப்புக்கு எதற்கு ஐந்து என்று ஓர் இளைஞன் நக்கலடித்தபோது ஊறுகாய் ஜாடியைத் திறந்தார்.

போன வசந்தத்தில் நெல்டா வந்தார். கையில் ஊன்றுகோல், பின்னால் ராண்டல். வரிசையில் நின்று, முறை வந்ததும் அதே துணியைப் பிரித்தார்.

"போன தடவ கண்ண மூடிக்கிட்டுப் பாத்தீங்க, ஆர்லன். இந்தத் தடவ தொறந்து பாருங்க. பாத்தத எல்லாரும் கேக்கறாப்பல சொல்லுங்க."

ஆர்லன் ஷெரிஃபின் ஆளைக் கூப்பிட்டுப் பட்டையை வெட்டச் சொன்னார். குழல், சட்டம், உருளையின் அடி, மூன்றிலும் பொறித்த வரிசை எண் ஒன்றுதானா என்று பார்த்தார். சுத்தியலை இழுத்தார். நான்கு சத்தமும் என் மேசைவரை கேட்டது. அந்த மூக்கை வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார்.

"அசல். முலாம் மட்டும் பிற்பாடு பூசினது. இந்தம்மாவோட அப்பா சொன்னது நெசம். பொய் சொன்னது நான். ஆறு போடச் சொன்னதும் நான்தான்."

யாரும் சிரிக்கவில்லை. ராண்டல் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். நெல்டா அவனை ஒருமுறை பார்த்துவிட்டு ஆர்லனிடம் திரும்பினார்.

"அப்ப எத்தன போடணும்?"

ஆர்லன் நீதிமன்றத்தில் சத்தியம் செய்கிறவரைப் போல வலது கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்தார். என் மேசைக்குப் பின்னால் நின்று நானும் என் கையைத் தூக்கினேன்.

"நீ எதுக்குடா?" என்றார் ஆர்லன்.

"நான் மூக்கப் பாத்தேன். அன்னைக்கே."

அவர் என்னையே பார்த்தார். தூக்கிய கையை இறக்கவில்லை.