வாசலில் கார், ஆஸ்பத்திரிக்கு ஷிப்ட் பஸ்

போன வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவுக்குள் சுரங்கத்து ஆட்களை ஏற்றும் ஷிப்ட் பஸ் நுழைந்தது. நுழையவே கூடாது — அதன் வழி மெயின் ரோடு. முதல் ஷிப்ட் முடித்து, கரி அப்பிய முகங்களோடு உள்ளே ஆட்கள். பஸ் எதிர் வீட்டு வாசலில் நின்றது. வலி கண்டிருந்த தனலட்சுமியைக் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனது. பசியோடு வீடு திரும்பிக்கொண்டிருந்த ஆட்களில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லையாம்.

அந்த டிரைவர் நன்றாயிருக்கட்டும். ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டில் கார் இருந்தது. ஓட்டுகிறவரும் இருந்தார். பெட்ரோல்கூட இருந்தது!

“வலி எடுத்தால் ஒரு குரல் கொடு, கார் வந்து நிற்கும்” என்று அந்தப் பெண்ணிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்? தாய் இல்லாதவள். தலைப்பிரசவத்துக்குப் போக வீடில்லாமல் குவார்ட்டர்ஸிலேயே இருந்துவிட்டாள். வளைகாப்புகூடத் தெருப் பெண்கள் நாங்கள் கூடி நடத்தியதுதான். அப்படிப்பட்டவள் எங்களைக் கூப்பிடவில்லை. நான் கொல்லைப்புறத்திலிருந்து ஓடி வருவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

என் வீட்டுக்காரரை உங்களுக்குத் தெரியும் — நான் எழுதும் இந்தப் பக்கத்தில் அவர் தலை அடிக்கடி உருளும். மண்ணையும் நிலக்கரியையும் பரிசோதிக்கும் லேபில் வேலை. அங்கே பூதக்கண்ணாடி வழியாகவே உலகத்தைப் பார்த்துப் பழகியவர், வீட்டுக்கும் சொந்தமாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். வருஷக்கணக்கில் காத்திருந்து கார் வந்ததும் அந்தக் கண்ணாடிக்கு வேலை வந்துவிட்டது.

கார் கறுப்பு நிறம். கறுப்பில்தான் கீறல் பளிச்சென்று தெரியுமாம். இந்த ஊர்க் கரித்தூளை உலர்ந்த துணியால் துடைத்தால் போயிற்று, பெயிண்ட் முழுக்க முடிக்கீறல் விழுந்துவிடுமாம். அதனால் முதலில் தண்ணீர். பிறகு மெத்துத் துணி. பிறகு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு கதவு கதவாக ஊர்வார். கீறல் அகப்பட்டால் சாக்பீஸால் சுற்றி ஒரு வட்டம். சில நாள் எங்கள் காருக்கு அம்மை போட்டது மாதிரி இருக்கும்.

இவர் யாருக்கும் காரை இல்லையென்று சொன்னதில்லை — அதையும் சொல்லிவிட வேண்டும். யாருக்கு அவசரம் என்றாலும் தானே ஓட்டிக்கொண்டு போவார். ஆனால் திரும்பி வந்ததும், ஏறியவர் இறங்கி “வரேங்க” சொல்லி முடிப்பதற்குள், பூதக்கண்ணாடி வெளியே வந்துவிடும். ஒரு தடவை டீச்சரம்மா ஒருவரின் குடைக் கம்பி உரசிய இடத்துக்கு அவர் எதிரிலேயே வட்டம் போட்டார். அதற்குப் பிறகு டீச்சரம்மா பஸ்ஸில்தான் போகிறார். தெருவில் மற்றவர்களும் மெல்ல மெல்லக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். இவர் அதைக் கவனிக்கவே இல்லை!

அன்று சாயங்காலம் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். வராந்தாவில் தனலட்சுமியின் கணவர் முருகேசன் நின்றிருந்தார். மைன்ஸில் மெஷின் ஓட்டுகிறவர், குறிஞ்சிப்பாடிக்காரர். ஏன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று இவர் கேட்டார். கோபமில்லை, வருத்தம். முருகேசன் சிரித்து மழுப்பினார். இவர் விடவில்லை.

“கேக்கத்தான் வந்தேங்க. உங்க கேட்டாண்ட நின்னேன். நீங்க கண்ணாடிய வச்சிகினு பேனட்டப் பாத்துகினு இருந்தீங்க. அவ கையில முழங்கை வரிக்கும் கண்ணாடி வளையலுங்க. புள்ள பொறக்காம அதக் கழட்டக் கூடாது. வலியில கதவப் புடிச்சி அறைஞ்சாள்னா உங்க வண்டி என்னாவறது? அதாங்க, ரோட்டுக்கு ஓடி பஸ்ஸ மறிச்சேன்.”

அவர் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே எங்கள் காருக்காகக் கவலைப்பட்டிருக்கிறார். அதுதான் தாங்க முடியவில்லை. நாங்களே ஆசையாகப் பூட்டிய வளையல்கள்! எனக்கு அழுகை வந்துவிட்டது. இவர் முகம் சுண்டிப் போய்விட்டது.

கொடுக்க மனசு இருந்தால் போதுமா? பிறத்தியார் வந்து கேட்கிற மாதிரி நாம் இருக்க வேண்டாமா?

டிஸ்சார்ஜ் அன்று காரோடு போய் நின்றோம். முருகேசன் முன்பே ஒரு மாட்டு வண்டியைப் பேசி வைத்திருந்தார். “உங்களுக்கு எதுக்குங்க சிரமம்” என்றார், ரொம்ப மரியாதையாக. முன்னால் மாட்டு வண்டியில் தாயும் பிள்ளையும். பின்னால், ஹாரன்கூட அடிக்காமல், எங்கள் காலி கார். தெருவே வேடிக்கை பார்த்தது. மரியாதை இவ்வளவு வலிக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இவர் இரண்டு நாள் பூதக்கண்ணாடியை வெளியே எடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலை கார் டயர் பஞ்சர். என்ன நினைத்தாரோ, எதிர் வீட்டுக்குப் போய் முருகேசனின் சைக்கிளை இரவல் கேட்டார். சைக்கிள் விட்டே வருஷமாயிற்று இவருக்கு. கடைத்தெருவுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது எங்கள் கேட் தூணிலேயே மோதிக்கொண்டார். மட்கார்டில் விரல் நீளத்துக்குப் பெயிண்ட் போய்விட்டது.

குற்றவாளி மாதிரி சைக்கிளை உருட்டிக்கொண்டு போனவர், அந்த இடத்தைத் தானே தொட்டுக் காட்டினார். முருகேசன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவருடைய முழங்கையைத்தான் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். சிராய்த்திருந்தது. உள்ளே கூட்டிப்போய், பிள்ளைக்கு வைத்திருந்த தேங்காயெண்ணெயைத் தடவி, காபி கொடுத்து அனுப்பினார். இவர் வெகுநேரம் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தார். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாராம்.

நேற்றுச் சாயங்காலம் முருகேசன் எங்கள் கேட்டைத் தானே திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

“சார், ஞாயித்துக்கெழம பாப்பாவுக்குப் பேரு வக்கறோம். எங்க அப்பாவுக்கு முட்டி வலி, பஸ்ஸு ஏற முடியாதுங்க. ஊர்லேருந்து இட்டுகினு வரணும். வண்டி எடுக்கறீங்களா?”

நேற்று வியாழக்கிழமைதான். என் வீட்டுக்காரர் சட்டை மாட்டிக்கொள்ள உள்ளே ஓடிவிட்டார்.