அண்ணை அடைத்த இருபது தோட்டாக்கள்

மற்றவன் அடைத்த தோட்டாவைச் சுடக்கூடாது. வெற்றுக் கோதில் வெடிமருந்தும் முனையில் சன்னமும் வைத்து வீட்டில் தோட்டா அடைக்கிற எல்லோரும் சொல்கிற முதல் சட்டம் இது. பன்னிரண்டு வருடம் நான் அதை மதிக்கவில்லை. என்னோடு வேர்ஹவுஸில் வேலை செய்த அண்ணை, மல்வேர்னில் தன் வீட்டு பேஸ்மென்ற்றில் அடைத்துத் தருவார். நவம்பரில் வடக்கே போய் மான் வேட்டையாடுவோம். பெரிய வாய்த் துவக்கு. ஒரு வெடிக்கே தோளை உதைத்துவிடும்.

அண்ணைக்கு ஸ்ட்ரோக் வந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் வலது கை நடுங்கத் தொடங்கியது. தோட்டாவில் வெடிமருந்து கொஞ்சம் கூடினாலும் துவக்கு முகத்தில் வெடிக்கும். எனக்குப் பயம். போன வருடம் சொல்லாமல் கொள்ளாமல் கடையில் ஒரு பெட்டி வாங்கினேன். வேட்டைக்குப் போகிற வழியில், காரின் பின்சீற்றில் அண்ணை அதைக் கண்டுவிட்டார்.

"கடைத் தோட்டாவோ?"

"ஓம் அண்ணை. சும்மா, ஒருக்காச் சுட்டுப் பாப்பமெண்டு."

பொய் என்று அவருக்குத் தெரியும். நான் அன்று ஒரு மானைச் சுட்டேன். கடைத் தோட்டா உதைத்த உதையில், அண்மையில் ஒப்பரேஷன் செய்த என் தோள் நொந்து, இரண்டு நாள் கையைத் தூக்க முடியவில்லை. அதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

பெப்ரவரியில் அண்ணை போய்விட்டார். முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த பிறகு அண்ணையின் மனைவி, அக்கா, ஒரு பிளாஸ்டிக் பெட்டியோடு வந்தா. "தம்பி, இது உமக்கெண்டு செய்து வைச்சவர். எனக்கு உதுகளை வீட்டில வைச்சிருக்கப் பயமாக் கிடக்கு."

இருபது தோட்டாக்கள். சுட மனம் வரவில்லை, பயம் போகவில்லை. பிரித்துவிடுவது என்று முடிவெடுத்தேன். சுத்தியல் போன்ற ஒரு கருவிக்குள் தோட்டாவைச் செருகி நிலத்தில் அடித்தால் சன்னம் கழன்று விழும். மருந்தைத் தராசில் கொட்டினேன். அண்ணை வழக்கமாகப் போடுகிற அளவைவிடக் குறைவு. பார், அவரின் கை பிழைவிட்டிருக்கு, நான் பயந்தது சரி என்று மனம் சொன்னது. வெட்கமில்லாமல் ஒரு நிம்மதியும் வந்தது.

இரண்டாவதும் குறைவு. மூன்றாவதும். ஒவ்வொன்றையும் நிறுத்து, ஒரே கிண்ணத்தில் கொட்டிக்கொண்டே போனேன். இருபதிலும் தராசு முள் ஒரே கோட்டில் நின்றது, மயிரிழைகூட விலகவில்லை. நடுங்குகிற கை எப்படி இருபது தரமும் ஒரே இடத்தில் பிழைவிடும்? ஐந்தாவதிலேயே கேட்டிருக்கலாம். விசரன் நான், கேட்கவில்லை.

மருந்தின் அளவை எழுதிய துண்டைப் பெட்டியின் அடியில் வைப்பது அண்ணையின் வழக்கம். பிரிக்கிறவன் முதலில் அதைத்தான் படிக்க வேண்டும். இதில் படிக்க என்ன இருக்கு என்று விட்டிருந்தேன். பெட்டி வெறுமையான பிறகுதான் எடுத்தேன். எழுத்துக்கள் கோணல்மாணலாக இருந்தன.

"மருந்து குறைச்சிருக்கு. மானுக்கு இவ்வளவு காணும். தம்பியின்ர தோளுக்கு நோகாது. ரெண்டு தரம் நிறுத்துப் பாத்தனான், பயப்பிடாமல் சுடட்டும்."

நிலத்தில் குந்தியிருந்து அழுதேன். கோது இருக்கிறது, சன்னம் இருக்கிறது, மருந்தும் கிண்ணத்தில் இருக்கிறது. திரும்ப அடைக்கலாம். ஆனால் அது நான் அடைத்ததாகத்தான் இருக்கும்.