புளி போட்டு விளக்கிய பஞ்சு

மீன் வளர்ப்பதில் ரங்கனுக்குப் பிடிக்காத ஒரே விஷயம் மனுஷர்கள்தான். மீன் சொன்ன பேச்சைக் கேட்காது, உண்மை. ஆனால் கேட்ட மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போய் வேறொன்றைச் செய்துவைக்காது.

ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டிபன் கடை வைத்திருக்கிறான். நாலாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். மகள் கல்பனா பிளஸ் டூ படிக்கும்போது அடம்பிடித்ததால் கல்லாவுக்குப் பின்னால் ஒரு கண்ணாடித் தொட்டி வந்தது. வந்த புதிதில் மீன்கள் ஒவ்வொன்றாக மல்லாந்தன. தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது, கண்ணாடி மின்னியது, பில்டரில் ஒரு தூசி இல்லை. மீன்தான் இல்லை. திருவண்ணாமலையில் மீன் விற்கிறவனைப் போய்ப் பிடித்துச் சத்தம் போட்டபோது அவன் சிரித்தான்.

"தொட்டி புதுசா இருக்கிறதுதாண்ணா அதுக்கு நோவு."

மீன் போடுகிற கழிவே தண்ணீரில் விஷமாகும். அந்த விஷத்தைத் தின்கிற, கண்ணுக்குத் தெரியாத உயிர் ஒன்று பில்டர் பஞ்சில் குடியேற வேண்டும். அது தானாக வர வாரக்கணக்கில் ஆகும். ஏற்கெனவே ஓடுகிற தொட்டியின் பஞ்சைக் கொண்டுபோய்ப் புதுத் தொட்டியில் போட்டால் அன்றைக்கே வேலை நடக்கும். இவ்வளவுதான் சங்கதி. அவன் கொடுத்த ஒரு அழுக்குப் பஞ்சில் பிழைத்ததுதான் குண்டு. இப்போது உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்த கோல்டு பிஷ். கல்பனா பெயர் வைத்து, கையால் தீனி போட்டு வளர்த்தது.

கல்பனா கல்யாணமாகிச் சந்தவாசல் போனாள். போன மாதம் அவர்கள் புது வீடு கட்டிக் குடிபோனார்கள். மாப்பிள்ளை வெற்றிவேல் நெல் அறுக்கிற மிஷின் ஓட்டுகிறவர். சீசனில் வீடு தங்குவதில்லை. போகும்போது பெண்டாட்டிக்கு மூன்றடித் தொட்டி ஒன்று வாங்கிவைத்துவிட்டுப் போனார்.

"ப்பா, குண்டுவ கொண்டாந்து குடுப்பா. அவரும் ஊர்ல இல்ல. வூட்ல பேச ஆள் இல்ல எனக்கு" என்றாள் போனில்.

அவளுடைய மாமியார் பெரியம்மாள் வீட்டில்தான் இருக்கிறாள் என்பதை ரங்கன் ஞாபகப்படுத்தவில்லை. கடைத் தொட்டியும் மூலையில் கசிய ஆரம்பித்திருந்தது. சரி என்றான். வெள்ளிக்கிழமையாகப் பார்த்து மீனை இறக்கச் சொல்லி சம்பந்தியம்மாவிடமிருந்து உத்தரவு வந்தது.

அப்படித்தான் அந்த மாசி வெள்ளிக்கிழமை காலையில் தொட்டியைக் காலிசெய்து, ஒழுகும் கண்ணாடியைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்டு, பெயின்ட் பக்கெட்டில் குண்டுவையும், தொட்டித் தண்ணீரோடு கட்டிய கவரில் பில்டர் பஞ்சையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான். சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாதென்று ஒரு பை மலைப்புளியும் இருந்தது. அந்த வருஷத்துப் புதுப்புளி.

"இன்னாண்ணா பக்கெட்ல?" என்றான் கண்டக்டர்.

"மீனு."

"கொழம்புக்கா?"

"ஒன் மூஞ்சிக்கு."

மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் பக்கெட்டைக் கட்டிப்பிடித்து, வேட்டி நனைய, போளூரில் இறங்கி வேறு பஸ் மாறி, சந்தவாசல் போய்ச் சேர்ந்தபோது அவன் பொறுமையில் பாதி மலையிலேயே தங்கிவிட்டது.

பெரியம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். அவளைப்பற்றி ஊரில் ஒரே பேச்சுதான்: அவள் வீட்டுத் தரையில் சோறு போட்டுத் தின்னலாம். வாளியைக் கழுவி, அந்த வாளியால் கழுவிய இடத்தையும் கழுவுகிறவள்.

"வாங்க சம்மந்தி. மொதல்ல சாப்ட்டுட்டுதான் மத்ததெல்லாம்."

"மீன எறக்கிட்டு வந்துர்றேம்மா."

"மீனு எங்க ஓடப்போவுது? எல போட்டாச்சு."

சம்பந்தி வீட்டில் அடம்பிடிக்க முடியுமா? பக்கெட்டை நிழலில் வைத்து, பஞ்சுக் கவரையும் புளிப்பையையும் அதன் பக்கத்தில் வைத்தான். "கல்பனா, இத யாரும் தொடாம பாத்துக்க" என்றான். கல்பனா தலையாட்டிவிட்டு, அப்பாவுக்குச் சாம்பார் ஊற்ற உள்ளே வந்துவிட்டாள். ரெண்டாம் முறை பாயசம் வேண்டாம் என்று அவன் கையால் இலையை மறைத்துப் போராடிக்கொண்டிருந்த நேரத்தில், பின்பக்கம் காரியம் முடிந்துவிட்டது.

கை கழுவப் போனவன் அப்படியே நின்றான். வெள்ளிக்கிழமை விளக்கு தேய்த்திருக்கிறாள் பெரியம்மாள். காமாட்சி விளக்கு, குத்துவிளக்கு, செம்பு, தட்டு எல்லாம் வரிசையாக வெயிலில் காய்ந்தன. அந்த வரிசையில் செம்புக்கும் தட்டுக்கும் நடுவில் அவனுடைய பஞ்சு. கடையில் வாங்கிய அன்றைக்குக்கூட அது அவ்வளவு வெளுப்பாக இருந்ததில்லை.

"யம்மா... இது..."

"அத ஏன் கேக்குறீங்க! கவர தொறந்தேன், ஒரு நாத்தம், கருப்பா கொழகொழன்னு. பொண்ணு வூட்டுக்குக் குடுக்குற சாமான், பஸ்ல வரும்போது சாக்கடையில வுட்டுட்டீங்க போலன்னு நெனச்சேன். நீங்க கொண்டாந்த புளிதான். நல்ல புளி சம்மந்தி, ரெண்டு தேய்ல பளிச்சுன்னு ஆயிடுச்சு. அப்புறம் வெந்நீர்ல ஒரு தடவ அலசிட்டேன்."

புளி. அதற்குமேல் வெந்நீர். கடையில் சர்வர் இப்படிச் செய்திருந்தால் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். இங்கே இவள், தன் மகள் வாழ்கிற வீட்டுக்காரி. அதுவும் அவன் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துத் தேய்த்திருக்கிறாள். திட்டவும் வழியில்லை, விழுங்கவும் முடியவில்லை.

கல்பனா ஓடிவந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தாள். "அத்தே! அதுலதான் எல்லாமே இருக்குதுன்னு அப்பா எப்பவும் சொல்வாரு!"

"அழுக்குதான் இருந்துச்சு."

பக்கெட்டில் குண்டு மேலே வந்து வாயைப் பிளந்தது. ரங்கன் அதைத் தூக்கிக்கொண்டுபோய், நாலு நாளாகக் குழாய் மருந்து வாசனை போகப் பிடித்துவைத்திருந்த தொட்டித் தண்ணீரில் மெல்ல விட்டான். நீந்தியது. கல்பனா முகம் கொஞ்சம் தெளிந்தது.

"அப்ப பொழச்சுக்கிச்சாப்பா?"

"இன்னிக்கு ஒண்ணும் ஆவாது. இது போடுற கழிவுக்கு நாள மறுநாள் இந்தத் தண்ணி வெசமாயிடும். பஞ்சு வெறும் பஞ்சு. திருப்பி எடுத்துனு போலாம்னா அங்க தொட்டியே இல்ல. வித்துட்டு வந்துட்டேன்."

கல்பனா தொட்டியருகே குனிந்தாள். கண்ணாடியில் விரலை வைத்தாள். குண்டு வழக்கம்போல அந்த விரலுக்கு வந்து முட்டியது. ரங்கன் வேறு பக்கம் பார்த்தான்.

பெரியம்மாளுக்கு இப்போதுதான் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று உறைத்தது. "புரியிற மாதிரி சொல்லுங்க சம்மந்தி. அந்த அழுக்குல இன்னாதான் இருந்துச்சு?"

ரங்கன் பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தான். "தயிருக்கு ஒறமோரு ஊத்துறீங்கல்ல? அந்த மோரு இல்லாம பாலு தயிராவுமா? நான் ஒறமோரு கொண்டாந்தேன். நீங்க கிண்ணத்த விளக்கி வச்சுட்டீங்க."

பெரியம்மாள் வாயில் கைவைத்தாள். "அய்யய்யோ! இத மொதல்லயே சொல்லக்கூடாதா?"

இத்தனை வருஷமாக யாருக்கும் புரியவைக்க முடியாத விஷயம் அவளுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. புரிந்ததும் அவள் சும்மா இருக்கவில்லை. எதிர்வீட்டு மங்கம்மாளிடம் தொட்டி இருக்கிறது. பெங்களூரில் வேலைசெய்கிற மகன் வாங்கிவைத்தது. அவன் ஊருக்கு வந்து வருஷமாகிறது. அழுக்கைத் தொடாதே என்று சொல்லிவிட்டுப் போனதோடு சரி, அதற்குப் பிறகு அந்த பில்டரை யாரும் தொட்டதில்லை.

"அவ வூட்டு அழுக்கு ஊருக்கே தெரியும்" என்றாள் பெரியம்மாள், இந்தமுறை மரியாதையோடு.

ஆனால் மங்கம்மாள் படவேட்டுக் கோயிலுக்குப் போயிருந்தாள். திரும்பி வரும்போது விளக்கு வைத்தாயிற்று. மூன்று பேரும் எதிர்வீட்டுக்குப் போனார்கள். தொட்டியில் பொடிமீன்கள் கொழுத்துத் திரிந்தன. பில்டரில் ரெண்டு பஞ்சு, ரெண்டும் தோசைக்கல் நிறம். ரங்கனுக்கு அழகான பொருளைப் பார்த்த மாதிரி இருந்தது.

அவன் கேட்பதற்குள் பெரியம்மாள் முந்திக்கொண்டாள். "மங்கம்மா, ஒம் பஞ்சுல ஒண்ணு குடு. சும்மா இல்லடி, அது ஒறமோரு மாதிரி. அதப் போட்டாத்தான் எங்க தொட்டி தொட்டியாவும்."

மங்கம்மாள் ரெண்டடி பின்னால் போனாள்.

"இன்னாக்கா பேசுற? வெள்ளிக்கிழம, வெளக்கு வச்ச நேரம், ஒறமோரு குடுன்னு வந்து நிக்கிற? நீ குடுப்பியா?"

பெரியம்மாள் யோசித்தாள். நேர்மையாகவே யோசித்தாள். "குடுக்கமாட்டேன்" என்றாள்.

ரங்கனுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. "யம்மா, அது மோரு இல்ல! பேச்சுக்குச் சொன்னது! அது மீன் பீயிம்மா!"

"அப்ப அத ஏன் வெள்ளிக்கிழம என் வூட்லேர்ந்து கேக்குறீங்க? லட்சுமி ஒங்க கூடவே போயிடுவாளே. நாளைக்குக் காலையில வாங்க, தாராளமா தர்றேன்."

"காலையில குடுத்துடுவீங்களா?"

"என் மவன் கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு."

அந்த மகன் போனை எடுக்க வேண்டும், யோசிக்க வேண்டும், அழுக்கைத் தொடாதே என்று முன்னே சொன்னவன் வேண்டாம் என்றும் சொல்லலாம். ரங்கன் இடுப்பில் கைவைத்து நின்றான். கல்பனா சத்தமில்லாமல் வீட்டுக்குப் போய் அந்த வெளுத்த பஞ்சை எடுத்துவந்தாள்.

"நீங்க எதுவும் குடுக்க வேணாம் அத்தே. மாத்திக்கலாம். இத வச்சுக்கிட்டு அத எடுத்துக்கிறோம். வூட்ட வுட்டு ஒண்ணும் போவல."

மங்கம்மாள் பஞ்சை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இவ்ளோ வெளுப்பாவா? எதுல தேச்ச?"

"புளியிலதான். சம்மந்தி மலையிலேர்ந்து கொண்டாந்தது" என்றாள் பெரியம்மாள் பெருமையாக.

"அப்ப ரெண்டையும் எடுத்துக்கங்க. இன்னொண்ணும் வெளுத்துக் குடுங்க."

"ஒண்ணு போதும்!" என்று ரங்கன் போட்ட சத்தத்தில் பொடிமீன்கள் சிதறின. "இன்னொண்ண தொட்டீங்கன்னா ஒங்க மீனு மொத்தமும் மல்லாந்துடும். தொடாதீங்க. ஒங்க மவன் கிட்டயும் சொல்லுங்க."

புளி தேய்த்த பஞ்சைச் சாதாத் தண்ணீரில் பலமுறை பிழிந்து அவள் பில்டரில் வைத்தான். கறுத்த பஞ்சை அந்தத் தொட்டித் தண்ணீரோடே கிண்ணத்தில் எடுத்து, தெருவைத் தாண்டிக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிவந்து குண்டுவின் தொட்டியில் பொருத்தினான். தண்ணீர் ஒரு நிமிஷம் கலங்கித் தெளிந்தது. பெரியம்மாள் சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று ரங்கனுக்கும் தெரிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை கடையில் இட்லி எடுத்துக்கொண்டிருந்தபோது போனில் வீடியோ வந்தது. குண்டு கல்பனாவின் விரலிலிருந்து தீனி வாங்கித் தின்றது. தண்ணீர் தெளிவு. துடுப்பு விரிந்திருந்தது. நோவு ஒன்றும் இல்லை. ரங்கன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான், இட்லி ஆவிதான்.

அப்போது வீடியோவின் ஓரத்தில் ஒரு கை வந்தது. வளையல் போட்ட, ஈரத்துணி பிடித்த கை. கண்ணாடியைத் துடைத்தது.

"யம்மா! தொடாதீங்க!" என்று ரங்கன் போனைப் பார்த்துக் கத்தினான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இட்லித் தட்டை அப்படியே வைத்துவிட்டு, அந்தத் துணி கண்ணாடிக்கு வெளிப்பக்கம்தானா உள்பக்கமா என்று தெரிந்துகொள்ள வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓட்டினான்.