பரிமளா குறைத்த சிவப்பு

பரிமளாவின் கை சும்மா இருக்காது. ஆரணியில் பட்டுத்தறி வீட்டுக்கு வாக்கப்பட்டவள். நெய்வதற்கு முன் நூல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். பார்டர் சிவப்பு, உடல் பச்சையை அமுக்கினால் விடமாட்டாள். "இன்னாங்க, இந்தச் செவப்பு வாணாம், கொஞ்சம் கம்மியா எடுங்க" என்பாள். அவள் புருஷன் குமரேசன் மறுபேச்சுப் பேசியதில்லை, பேசித்தான் பார்க்கட்டுமே!

காலை ஏழு மணி பஸ்ஸில் அவள் வேலூர் போவது வேறு வேலைக்கு. அங்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கான்ஃபோக்கல் மைக்ராஸ்கோப் அவள் பொறுப்பு. சாயம் ஏற்றிய செல்லில் லேசர் பட்டால் அது ஒளிரும். பச்சையை ஒரு டிடெக்டரும் சிவப்பை இன்னொன்றும் வாங்கிப் படமாக்கும். எட்டு வருஷப் பழக்கம்.

அன்று ஆராய்ச்சி மாணவி மஹிமா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். பரிமளா தினமும் வெங்காயம் போடாமல் தனிச் சாப்பாட்டு டப்பா கொண்டுவருவது, வெங்காயம் தொடாத இந்தப் பெண்ணுக்காகத்தான்.

"அக்கா, மருந்து வேலை செய்யுது! மருந்து போட்ட செல்லுல நோயைக் காட்டுற செவப்பு பாதியா கொறஞ்சிருக்கு. நாளைக்கு சார்கிட்ட காட்டப்போறேன்."

நாலு வருஷம் முட்டிமோதிக் கிடைத்த முதல் நல்ல சேதி. படத்தைப் பார்த்த பரிமளாவுக்கோ தூக்கிவாரிப் போட்டது. மருந்து போடாத செல்லைத் திங்கட்கிழமை எடுத்தார்கள். அதில் சிவப்பு பச்சையை அமுக்குகிறதே என்று, மறுநாள் காலை சிவப்பு டிடெக்டரின் கெயினை, அதாவது ஒளியைப் பெருக்கிக் காட்டும் அளவை, குறைத்தது அவள்தான். மருந்து போட்ட செல்லை எடுத்தது அதற்குப் பிறகு. இரண்டையும் ஒரே அளவில் எடுத்தால்தானே ஒப்பிட முடியும்? படமென்ன பட்டுச்சேலையா, கண்ணுக்கு எடுப்பாக இருக்க!

வாயை மூடிக்கொண்டால் தன் வேலையும் தப்பும், மஹிமாவின் சிரிப்பும் தப்பும். ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தாள்.

"மருந்து கொறைக்கலம்மா. நான்தான் கொறைச்சேன். படம் பார்க்க நல்லாருக்கட்டும்னு கெயின தொட்டுட்டேன்."

மஹிமா கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்சமிருந்த ஸ்லைடுகளை எடுத்துவந்தாள். ஒரே கெயினில் எல்லாவற்றையும் திரும்ப எடுத்தார்கள். சிவப்பு துளியும் குறையவில்லை. டப்பாவைத் திறக்காமலே மஹிமா போய்விட்டாள். பரிமளா பஸ் முழுக்க அழுதாள்.

மறுநாள் டப்பாவை வெளியே எடுக்கவே அவளுக்குக் கை வரவில்லை. மெஷினில் மஹிமாவின் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'பரிமளா அக்கா கெயினைத் தொடக் கூடாது.'

பின்னாலிருந்து குரல் வந்தது.

"சாரு வேற மருந்து பார்க்கலாம்னு சொல்லிட்டாரு. டப்பா எங்கக்கா? நேத்துலேருந்து பசி."