அசனத்து இலைகள் போய்ச் சேர்ந்த இடம்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மே மாத வெயிலில் நடந்தது இது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு பேரூராட்சியில் இருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். சொன்னால் நாளைக்கே எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வராமல் போனாலும் போகும். தளவாய்புரம் கடைகளுக்கு வீட்டிலிருந்தே நைட்டி தைத்துக் கொடுப்பது என் தொழில். எனக்குக் கொஞ்சம் வாய் நீளம் என்று வீட்டில் சொல்வார்கள். இதைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் சர்ச்சில் ஆலயப் பண்டிகையின் கடைசி நாள் அசனம் நடக்கும். கிறிஸ்தவர், இந்து என்று பார்க்காமல் ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. அரிசி ஒரு வீட்டிலிருந்து, கத்தரிக்காய் ஒரு வீட்டிலிருந்து என்று வந்து சேரும். பந்தி முடிந்ததும் இலை, மீந்த சோறு, காய்கறித் தோல் எல்லாவற்றையும் ஆலயத்துக்குப் பின்னால் தோண்டிய குழியில் போட்டு, அடுப்புச் சாம்பலும் மண்ணும் தூவி மூடிவிடுவோம். மழை விழுந்ததும் அதன்மேல் ஒரு தென்னங்கன்று வைப்போம். காய்க்கிற மரங்களின் தேங்காய்தான் அடுத்தடுத்த அசனத்துக் குழம்பில் அரைபடும். ஜெபம் பண்ணிச் சமைத்த சோறு கண்ட இடத்தில் கிடக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம்.

அந்த வருஷம் பண்டிகைக்கு முன்னால் பேரூராட்சியின் சுகாதார மேற்பார்வையாளர் வந்தார். உணவுக் கழிவுக்கென்று தனித் திட்டம் வந்திருக்கிறதாம். ஹோட்டல், மண்டபம், கோயில், சர்ச் எல்லா இடத்திலும் தனியாக வாங்கி, அரைத்து, உரமாக்கப் போகிறார்களாம். இனி யாரும் சொந்தமாகக் குழி தோண்டக்கூடாது, அது சுகாதாரக் கேடு என்றார். நல்ல காரியம்தானே என்று நாங்களும் சரி சொன்னோம். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஒரு துண்டு பிளாஸ்டிக் உள்ளே போனாலும் மிஷின் நின்றுவிடுமாம். அதனால் சுத்தமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டுமாம்.

இங்கேதான் எங்கள் வேலை பெருத்தது. சாப்பிட்டு முடித்தால் இலையை மடிப்பது நம் ஜனங்களின் மரியாதை. ஆனால் மடிக்கிறபோது தண்ணீர் கப், பாயச கப், கை துடைத்த பேப்பர் எல்லாவற்றையும் உள்ளே வைத்து மடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். பார்வைக்கு வெறும் இலை, உள்ளே ஒரு குப்பைத்தொட்டி. எத்தனை இலையைத்தான் பிரிப்பது? சபைப் பெண்கள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, மடித்த ஒவ்வொரு இலையையும் கையால் பிரித்து, பிளாஸ்டிக்கைப் பொறுக்கித் தனிச் சாக்கில் போட்டு, இலைகளை ஒன்றின்மேல் ஒன்றாகத் தட்டையாக அடுக்கினோம். கை முழுக்கக் குழம்பு, முழங்கை வரை ஈ. இடுப்பு விட்டுப்போனது. பேசிச் சிரித்துக்கொண்டுதான் செய்தோம், அதையும் சொல்ல வேண்டும்.

எங்களோடு இலை பிரித்தவர்களில் ஒரு அக்காவும் இருந்தார். கண்மாய்க்கரைத் தெருக்காரர். வேறு மதம்தான், ஆனால் அசனத்துக்குக் காய் நறுக்க முதல் ஆளாக வந்துவிடுவார். மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. போட்டது போட்டபடி வந்து உட்கார்ந்து எங்களோடு வேலை பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பேரூராட்சி டிராக்டர் வந்தது. அவர்கள் கொடுத்திருந்த பச்சை டிரம்களில் இலைகளை அடுக்கி ஏற்றிவிட்டோம். மேற்பார்வையாளர் எங்களை நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

அதற்கு அடுத்த நாள் மதியம் அந்த அக்காவிடமிருந்து போன். "ஏட்டி, செத்த வந்துட்டுப் போ. வந்து நீயே பாரு" என்றார். குரலே சரியில்லை. குழந்தைக்கு என்னமோ என்று பதறி, தையல் மிஷினில் இருந்த துணியை அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

தெரு முனையிலேயே நாற்றம் மூக்கைத் துளைத்தது. அவர் வீட்டுக்குப் பின்னால், வறண்டு கிடந்த கண்மாய்க் கரையில், வீட்டுச் சுவரை ஒட்டினாற்போல ஒரு குவியல். ஹோட்டல் எச்சில், மீன்கடைக் கழிவு, அழுகின தக்காளி. நாய்கள் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தன. அதன் நடுவே எங்கள் இலைகள் கிடந்தன. எப்படிக் கண்டுபிடித்தேன் என்கிறீர்களா? மற்ற இலைகளெல்லாம் மடித்தபடி கிடந்தன. எங்கள் இலைகள் மட்டும்தான் விரித்து, அடுக்கு கலையாமல், கொட்டிய டிரம்மின் வடிவத்திலேயே கிடந்தன. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

வீட்டுக்குள்ளே அதைவிடக் கொடுமை. அறையைக் காற்றோட்டமாக வைத்திருக்கச் சொல்லி ஆஸ்பத்திரி நர்ஸ் அனுப்பியிருந்தார். இவர்களோ ஈக்குப் பயந்து ஜன்னல், கதவு எல்லாவற்றையும் சாத்திவைத்திருந்தார்கள். அந்த மே மாதப் புழுக்கத்தில், மின்விசிறி சுற்றியும் அனல்தான் வீசியது. கொசுவலையின்மேல் கறுப்பாக ஈ. குழந்தையின் கழுத்தெல்லாம் சிவந்து தடித்திருந்தது. பால் குடிக்காமல் கத்திக்கொண்டே இருந்தது. பெற்றவள் முந்தானையால் விசிறியபடி அழுதுகொண்டிருந்தாள்.

அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நேராக அந்தக் கழிவு மையத்துக்குப் போனேன். புதுக் கொட்டகை, பெரிய போர்டு, கதவில் பூட்டு. ஜன்னல் வழியாகப் பார்த்தால் அரைக்கிற மிஷின் வந்து இறங்கிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் நிற்கிறது. ஒரு துண்டு பிளாஸ்டிக் ஆகாத மிஷின்! கரண்ட் கனெக்‌ஷனே இன்னும் வரவில்லை என்று பக்கத்து டீக்கடையில் சொன்னார்கள்.

அக்காவின் வீட்டுக்குத் திரும்பி, வாசலில் நின்றே மேற்பார்வையாளருக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரிலும் போட்டேன். கரண்ட் லைன் வருகிறவரைக்கும் தற்காலிக ஏற்பாடு, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். வீட்டுச் சுவரை ஒட்டியா கொட்டுவீர்கள் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

"அங்க யாரும் இல்லையேம்மா, வெறும் கம்மாக்கரைதானே."

நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா என் கையிலிருந்து போனை வாங்கினார். கதவைத் திறந்து உள்ளே போய், அழுகிற குழந்தையின் பக்கத்தில் போனைப் பிடித்தார். பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"கேட்டுச்சா சார்? யாரும் இல்லாத எடத்துல இருந்துதான் அழுவுது."

மேற்பார்வையாளர் லைனைக் கட் பண்ணிவிட்டார்.

அவர் ஆள் அனுப்புவார் என்று நாங்கள் காத்திருக்கவில்லை. சபையில் சொன்னதும் ஆண்கள் மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள். கண்மாய்க்கரைத் தெருக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். லோடு ஆட்டோவில் ஏற்றி, எங்கள் எச்சில், ஊரான் எச்சில் என்று பிரிக்காமல் மொத்தத்தையும் ஆலயத்துக்குக் கொண்டு வந்து, பெரிய குழியாகத் தோண்டிப் போட்டு மூடினோம். கரையில் பிளீச்சிங் பவுடர் தூவினோம். பொழுது சாய்கிற நேரம் அக்கா வீட்டு ஜன்னல் திறந்தது. குழந்தை பால் குடித்துவிட்டுத் தூங்குகிறது என்று போன் வந்த பிறகுதான் நான் கை கழுவினேன்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் என் கோபம் ஆறியிருக்கும். சில மாதம் கழித்து அந்தக் கொட்டகைக்கு வெளியே புது பேனர் கட்டினார்கள். முன்மாதிரி உணவுக் கழிவு மேலாண்மை என்று தலைப்பு. அதில் நாங்கள் டிரம்களோடு நிற்கிற போட்டோ. பக்கத்திலேயே எங்கள் குழியும் அதன்மேல் வைத்த தென்னங்கன்றும்! சுகாதாரக் கேடு என்று சொன்னார்களே, அதே குழி. யார் எப்போது வந்து படம் பிடித்தார்களோ தெரியாது. அக்காவின் தெரு மட்டும் அந்த பேனரில் எந்த மூலையிலும் இல்லை.

இப்போது மிஷின் ஓடுகிறது. பொய் சொல்லக்கூடாது, பரவாயில்லாமல்தான் ஓடுகிறது. அசனம் முடிந்ததும் டிரம்களைக் கொடுக்கிறோம். ஆனால் டிராக்டர் கிளம்பினால் அதன் பின்னாலேயே என் ஸ்கூட்டரும் கிளம்பும், பின்சீட்டில் அந்த அக்கா. கொட்டகைக்குள் கொட்டுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் திரும்புவோம். டிரைவருக்கு எங்களைப் பார்த்தாலே எரிச்சல். எரியட்டும். இந்த வருஷப் பந்தியில் அக்காவின் பேத்தி பாட்டி மடியில் உட்கார்ந்து, கப்பிலிருந்த பாயசத்தை மூக்கில் பூசிக்கொண்டாள்.

அன்றிலிருந்து யாராவது ஒரு இடத்தைக் கைகாட்டி அங்கே யாரும் இல்லை என்று சொன்னால், உடனே அங்கே போய்ப் பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.