ஒயிட்னர் பூசிய வரி

எனக்கு முன்கோபம் அதிகம். வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள், ஆபீசில் கேட்டாலும் சொல்வார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யார்மேல் கோபப்படுவது என்று தேடித் தேடி, கடைசியில் என்மேலேயே வந்து நிற்கிறேன்.

நான் சிறப்பாசிரியர். காரமடைப் பக்கத்து அரசுப் பள்ளிகளில், மற்றவர்களைப் போலப் படிக்கவோ பேசவோ நடக்கவோ முடியாத பிள்ளைகளுக்காக, பள்ளிக்கு வாரம் ஒரு நாள், இரண்டு நாள் என்று ஸ்கூட்டியில் சுற்றுகிற ஆள். ஐந்தாவது முடித்து ஆறாவதுக்குப் பெரிய பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு, கோடை லீவுக்கு முன்னால் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பேன். எது வரும், எது வராது, எதற்குப் பயப்படும், எப்படிச் சொன்னால் கேட்கும். புது வகுப்பாசிரியர் அதைப் படித்துவிட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார் என்பது ஏற்பாடு. படிப்பாரா என்பது வேறு கதை.

அந்த வருடம் ஒரு பெண் பிள்ளை. பதினொரு வயது, பேச்சு கிடையாது. அறிவு நான்கு வயதுக்குரியது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அழுகை, அடம் எதுவும் இல்லை. அதுதான் அவளுடைய சிக்கலே. பள்ளிக்கூடத்தில் உட்கார் என்றால் உட்கார்ந்துவிடுவாள். எழுந்திரு என்று யாராவது சொல்லும்வரை எழுந்திருக்க மாட்டாள். வீட்டில் இந்தத் தொல்லை இல்லை. பள்ளியில்தான் இடைவேளை மணி அடித்ததும் ஒருவர் அவள் தோளைத் தொட்டு, "பாத்ரூம் போலாம் அம்மணி" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் போதும். தானே போய், தானே கழுவிக்கொண்டு, உடுப்பைச் சரிசெய்துகொண்டு மகாராணி மாதிரி திரும்பி வருவாள். அந்தச் சின்னப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள்கூட அவளைத் தொட்டுச் சொல்லும்.

அப்படியே எழுதினேன். "கழிப்பறைக்குத் தானே போவாள். ஆனால் ஒவ்வொரு இடைவேளையிலும் யாராவது தொட்டுச் சொல்ல வேண்டும்."

அவளுடைய அம்மா கறிவேப்பிலைத் தோட்டத்தில் கட்டுக் கட்டுகிற வேலையை முடித்து நேராக வந்திருந்தார். எழுதியதைப் படித்துக் காட்டினேன். அந்த இடம் வந்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

"அந்த ரெண்டாவது பேச்சு வேண்டாமுங்க டீச்சர். போன வருசம் பக்கத்து ஊட்டுப் பையனுக்கு இப்படித்தான் எல்லாத்தையும் எழுதிக் குடுத்தாங்க. அந்த ஸ்கூல்ல 'பாத்துச் சொல்றோமுங்க'ன்னு அனுப்பிப்போட்டாங்க. இன்னும் பாத்துக்கிட்டேதான் இருக்காங்க."

எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேரே முடியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உட்கார வைத்து, டீ வரவழைத்து, "பாக்கலாமுங்க" என்பார்கள். அதோடு விஷயம் முடிந்தது. சேர்க்காமல் இருக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, தெரியும். சட்டம் பேசி நான் சண்டை போட்ட இடங்களில் சேர்த்துக்கொண்டார்கள். சேர்த்துக் கடைசி பெஞ்சில் போட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு சொல்றாங்கல்லங்க. நீங்க பொய்யே சொல்ல வேண்டாம். அந்த ஒரு வரிய உட்டுப்போடுங்க. என்ற புள்ள வேற எங்கீங்க போவா?"

பையிலிருந்து ஒயிட்னரை எடுத்தேன். பூசினேன். ஊதிக் காயவைத்தேன். வகுப்பாசிரியர் யாரென்று தெரிந்ததும் நேரில் போய்க் காதில் போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு.

சேர்த்துக்கொண்டார்கள். பள்ளி திறந்த இரண்டாவது வாரம் போனேன். ஒரே வகுப்பறையில் அறுபது பிள்ளைகள், கரைச்சலென்றால் காதைப் பிளக்கிற கரைச்சல். வகுப்பாசிரியை என்னைக் கண்டதும் வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க டீச்சர், இப்படியாப்பட்ட புள்ளைய எங்கீங்க புடிச்சீங்க? ஒரு சத்தமில்ல, ஒரு தொந்தரவில்ல. வெச்ச எடத்துல வெச்ச மாதிரி உக்காந்துக்கறா. மத்ததுகளெல்லாம் இவகிட்டக் கத்துக்கோணுமுங்க."

எனக்கு வந்த பூரிப்பு இருக்கிறதே, சொல்லி மாளாது. ஐந்து வருடம் நான் வளர்த்த பிள்ளை அல்லவா! சொல்ல வந்தது நாக்கு நுனியில் நின்றது. இவ்வளவு பாராட்டுகிற வகுப்பாசிரியையிடம் இப்போது போய், "ஒன்று மட்டும் மறைத்துவிட்டேன்" என்று சொன்னால் முகம் என்ன ஆகும்? அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம். விழுங்கிவிட்டேன்.

கிளம்பும்போது ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தேன். பெஞ்சின் மேல் இரண்டு கையையும் வைத்து நேராக உட்கார்ந்திருந்தாள். அவளும் என்னைப் பார்த்தாள். கண்ணை எடுக்கவே இல்லை. புது இடம், கூச்சம் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். மணி அப்போது மூன்று இருக்கும். காலை ஒன்பதிலிருந்து அவள் எழுந்திருக்கவில்லை. தோளைத் தொடத் தெரிந்த ஒரே ஆள் ஜன்னலுக்கு வெளியே நின்று கையசைத்துவிட்டுப் போனாள். சோறு பிசையும்போது அந்தக் கண் வருகிறது. சரவணம்பட்டி சிக்னலில் நிற்கும்போது வருகிறது. பின்னால் ஆரன் அடித்தால்தான் வண்டியை எடுக்கிறேன்.

அடுத்த வாரம் எனக்குப் பயிற்சி வகுப்பு. அதற்கடுத்த வாரம் வேறு ஒரு பள்ளி. அவளுடைய தண்ணீர் பாட்டில் தினமும் கொண்டுபோனபடியே நிறைந்து திரும்பி வந்ததாம். தூறல் காலம், தாகம் எடுக்காது என்று அம்மா விட்டுவிட்டார். குடித்தால்தானே வரும் என்று அந்தப் பிள்ளை கண்டுபிடித்திருக்கிறாள். நான்கு வயது அறிவாம், மண்ணாங்கட்டி!

ஐந்தாவது வாரம் கணக்கு வகுப்பில் அவளால் முடியாமல் போயிற்று. பக்கத்துப் பிள்ளைகள் கத்திக்கொண்டு பெஞ்சு மேல் ஏறின. சில பேர் சிரித்தார்கள், கைகூடத் தட்டினார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. யாரும் சொல்லவில்லையே. அம்மா தோட்டத்திலிருந்து வந்து தொடும்வரை, அந்த ஈரத்திலேயே நேராக உட்கார்ந்திருந்தாள்.

அன்றே காய்ச்சல். கேள்விப்பட்டு நானும் ஓடினேன். பெரியாஸ்பத்திரியில் நீர்த்தாரையில் கிருமி என்றார்கள். "இத்தனை நாளா அடக்கியிருக்கு, நீங்க யாருமே பாக்கலையா?" என்று டாக்டர் கேட்டார். கேள்வி அம்மாவிடம்தான். எனக்குத்தான் சுருக்கென்றது.

பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, நான் எழுதிக் கொடுத்த பக்கத்தை எடுத்து முன்னால் வைத்தார். "தானே போவான்னுதானுங்களே போட்டிருக்கறீங்க." வெள்ளைத் திட்டின் மேல் விரலை வைத்தார். ஊருக்கெல்லாம் சண்டை போடுகிறவள் அன்று டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு வாசலில் நின்று வாயை மூடிக்கொண்டதையும் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. "வெசனப்படாதீங்க டீச்சர், நாந்தானுங்களே அழிக்கச் சொன்னேன்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

காய்ச்சல் தெளிந்த பிறகு அவள் பள்ளிக்குப் போகவில்லை. யூனிஃபார்மை எடுத்தாலே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பெயர் அந்தப் பள்ளிப் பதிவில்தான் இருக்கிறது. பாடம் வீட்டில், அதற்கும் நான்தான், ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும். நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். செய்ததற்குப் பரிகாரம் மாதிரி ஏதோ ஒன்று. பாயில் எனக்கு எதிரே நேராக உட்காருவாள். சொன்னதை எல்லாம் செய்வாள். பரவாயில்லை, பிள்ளை தேறிவிட்டாள், எப்படியாவது அடுத்த வருடம் திரும்பக் கூட்டிப்போய்விடலாம் என்று எனக்குள்ளேயே ஒரு தெம்பு.

போன வாரம் அம்மா காபி டம்ளரைக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு உள்ளே போகாமல், சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். நீங்க வார அன்னிக்கு மட்டும் இவ காத்தாலேருந்து தண்ணி குடிக்கறதில்லீங்க. நீங்க போற வரைக்கும் எடத்த உட்டு அசையறதும் இல்ல."

இன்னும் அரை மணி நேரப் பாடம் மிச்சமிருந்தது. டம்ளரைக் கீழே வைத்தேன். வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் செருப்பை மாட்டினேன். வேலிப் படலைத் தாண்டித் தெருவில் கால் வைத்ததும், வீட்டுக்குள் அவள் எழுந்து பின்பக்கக் கழிப்பறைக்கு ஓடுகிற சத்தம் கேட்டது.